பிதுரார்ஜிதமாய் வந்த இருதயம்

பிரஷர் கொப்பி வைத்திருக்கும் மலைநாட்டுத் தோட்டத்து அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியிலும் நுவரெலியாப் பெரியாஸ்பத்திரியிலும், மஸ்கெலியா, பொகவந்தலாவை, லிந்துலை ஆகிய ஊர்களின் அரசாங்க வைத்தியசாலைகளிலும், மாதத்துக்கு ஒருமுறை, மலைமேல் பனி இறங்கிக் கிடக்கிற விடியற்காலையில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பொலித்தீன் பையில் பத்திரமாய்ச் சுற்றிய கிளினிக் கொப்பியை மடியில் வைத்தபடி வாங்குகளில் அமர்ந்திருக்கிற உங்களுக்குத்தான் இம்மடலை எழுதுகிறேன். அந்த வாங்கில் நானும் இடம்பிடித்து உட்காருகிறவன் என்பதைத் தவிர உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வேறு யோக்கியதை கிடையாது. ஆனால், தோட்டத்துப் பாடசாலையில் நெடுங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன பழக்கதோஷத்தால், ஒரு விஷயத்தைக் காதில் கேட்டால் அதன் அடிமுடியைத் தேடிப் படிக்கும் வழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

அந்த வாங்கில் இரண்டு வசனங்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. "பிரஷர் எங்க வம்சத்துக்கே உள்ளதுங்க, அப்பனுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கு, எழுதினபடிதான் நடக்கும்" என்பது ஒன்று. "எங்க தாத்தா கருவாடும் கட்டச்சம்பலும் தின்னே தொண்ணூறு வயசு வரைக்கும் மலை ஏறினாரு, எங்க ரத்தத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்பது மற்றொன்று. ஒருவர் பயத்தினாலும் மற்றவர் தைரியத்தினாலும் பேசுகிறார்களே தவிர, இருவரும் கடைசியில் செய்வது ஒரே காரியம்: வீட்டுக்குப் போய்க் குளிசையைப் பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள். இருவரும் வம்சத்தையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். வம்சம் உண்மையில் என்ன சாட்சி சொல்கிறது என்பதை, விஞ்ஞானிகள் விசாரித்துக் கண்ட அளவில், உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பிரஷர் என்று நாம் சொல்வது இரத்தக் குழாயின் சுவரில் இரத்தம் மோதுகிற விசையின் அளவு என்பதும், அது 140க்கு 90 என்ற எல்லையைத் தாண்டி நிலைத்து நின்றால் வைத்தியர்கள் கொப்பி திறந்துவிடுகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்தவை. இலங்கையில் வயதுவந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக 2021ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு கூறுகிறது. பத்து லட்சம் பேரின் கணக்கை ஒன்றுசேர்த்து 2002இல் வெளியான ஓர் ஆராய்ச்சியோ, நாற்பது முதல் எழுபது வயதுக்குள் உள்ளவர்களுக்கு மேல் எண்ணில் ஒவ்வோர் இருபது கூடும்போதும் இருதய நோயாலும் பாரிசவாதத்தாலும் மரணம் அடையும் அபாயம் இரண்டு மடங்காகிறது என்று காட்டிற்று. இவ்வளவும் பொதுக் கணக்கு. நீங்களோ நானோ பொதுக் கணக்கில் வாழ்வதில்லை. ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பராக்களில், ஒரே 160 பிரஷருடன் இருந்த இருவரில், ஒருவர் பென்ஷன் வயதைக் கடந்தும் விறகுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு வருகிறார். மற்றவரோ பெரட்டுக் களத்தில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுகிறார். இந்தப் பேதம் எங்கிருந்து வருகிறது?

இதற்கு விடை காணும் முயற்சியில், சென்ற நூற்றாண்டின் மத்தியில், இங்கிலாந்தில் இரண்டு பெரிய வைத்தியர்கள் பல ஆண்டுகள் வாதிட்டுக்கொண்டார்கள். மான்செஸ்டரைச் சேர்ந்த ராபர்ட் பிளாட், இரத்தக் கொதிப்பு என்பது ஒரே ஒரு மரபணுவின் கோளாறு என்றும், அதைப் பெற்றவன் நோயாளி, பெறாதவன் ஆரோக்கியசாலி என்றும் கோடு கிழித்துப் பிரிக்கலாம் என்றும் சாதித்தார். ஜார்ஜ் பிக்கரிங்கோ, மனிதரின் உயரம் குட்டை நெட்டை என்று இரண்டே வகையாகப் பிரிந்து நில்லாமல் படிப்படியாக ஏறிச் செல்வதைப் போலவே பிரஷரும் ஏறிச் செல்கிறது, எனவே அதற்குக் காரணம் பல மரபணுக்கள் என்றார். வழக்கில் வென்றவர் பிக்கரிங். எவ்வளவு பூரணமாக வென்றார் என்பது 2018இல்தான் தெரிந்தது. ஐரோப்பிய வம்சத்தினரான பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பரம்பரை எழுத்துகளைப் பரிசோதித்த ஆராய்ச்சி ஒன்று, பிரஷரோடு சம்பந்தமுள்ள 535 புதிய இடங்களை ஒரே மூச்சில் கண்டெடுத்தது. அந்த இடங்களில் எதுவும் தனியாக நின்று பெரிதாக எதையும் செய்துவிடுவதில்லை. ஒன்று அரைப் புள்ளி ஏற்றுகிறது, இன்னொன்று கால் புள்ளி இறக்குகிறது. தாய்வழியும் தந்தைவழியும் வந்து சேர்ந்த நூற்றுக்கணக்கான சில்லறைகளின் கூட்டுத்தொகையே நம் கொப்பியில் எழுதப்படும் எண்ணுக்கு அடியில் கிடக்கிறது. "வம்சத்தில் உள்ளது" என்று சொல்பவர் கூறுவது பொய் அல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயினும், பிரஷரை ஏற்றுகிற மரபணுக்கள் வேறு. ஏறிய பிரஷரை இருதயம் எவ்வாறு தாங்குகிறது என்பதைத் தீர்மானிக்கிற மரபணுக்கள் வேறு. இந்த இரண்டாவது வகையில், தமிழராகிய நம்மை மிக நெருங்கித் தொடுகிற கண்டுபிடிப்பு ஒன்று மதுரையிலிருந்து புறப்பட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த தண்டபாணியும், ஹைதராபாத்திலுள்ள உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும், அவர்களுடைய சகாக்களும் சேர்ந்து 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரை அது. இருதயத் தசைநாரின் அமைப்பை இறுக்கிப் பிடித்திருக்கும் ஒரு புரதம் உண்டு. அதை எவ்வாறு செய்வது என்ற குறிப்பு எம்.வை.பி.பி.சி.3 என்ற மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய முந்நூறு கோடி எழுத்துகள் கொண்ட நம் பரம்பரை ஏட்டில், அந்த மரபணுவிலிருந்து இருபத்தைந்து எழுத்துகள் மட்டும் சிலருக்கு விட்டுப்போயிருக்கின்றன. அதனால் அப்புரதத்தின் வால்பகுதி மாறிப்போகிறது. இந்தியத் துணைக்கண்டத்தாரில் நூற்றுக்கு நால்வர் இக்குறையைச் சுமக்கிறார்கள். இலங்கையிலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அது காணப்பட்டது. ஐரோப்பியரிடத்திலும் ஆப்பிரிக்கரிடத்திலும் காணப்படவில்லை. சுமார் 33,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியத் துணைக்கண்டத்து ஆதி மூதாதை ஒருவரிடம் தோன்றி, தலைமுறை தலைமுறையாய் இறங்கி வந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கணிப்பு.

இருதயத்தைத் தளரச் செய்யக்கூடிய இப்படியொரு பிழை இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக அழிந்துபோகாமல் எப்படி நீடித்தது என்று கேட்கத் தோன்றும். காரணம் விசித்திரமானது: அது இளமையில் வாய் திறப்பதில்லை. நாற்பத்தைந்து வயது வாக்கில், பிள்ளைகளைப் பெற்று வளர்த்து முடித்த பிறகே, பெரும்பாலும் தன் வேலையைக் காட்டுகிறது. அதற்குள் அடுத்த தலைமுறை அதை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. மதுரைப் பக்கத்திலிருந்தும், இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்தும் கங்காணியின் பின்னால் புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியாய்க் காட்டில் நடந்தும், பின்னாளில் மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்து தலைமன்னார்க் கப்பலில் ஏறியும் இம்மலைகளுக்கு வந்த நம் முன்னோர், கையில் கொண்டுவந்த பித்தளைச் செம்பும் மாரியம்மன் திருநீறும் போலவே, கண்ணுக்குத் தெரியாத இந்த இருபத்தைந்து எழுத்துக் குறையையும் நூற்றுக்குச் சிலர் கொண்டுவந்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதைப் படித்துவிட்டுக் கலங்க வேண்டாம். குறையைச் சுமப்பவர்களுக்கு இருதயம் தளரும் அபாயம் ஏறத்தாழ ஏழு மடங்கு என்று முதல் கட்டுரை கணக்கிட்டதென்றாலும், பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் அக்கணக்கைத் திருத்தின; சுமப்பவர் எல்லாருக்கும் அது ஒரே விதமான தீங்கைச் செய்வதில்லை என்றும், அதே மரபணுவில் இன்னொரு பிழையும் கூடவே அமைந்துவிட்ட ஒரு சிறு பகுதியினரிடத்தில்தான் இருதயத் தசை தடிக்கும் நோய் முக்கியமாய்த் தென்படுகிறது என்றும் இப்போது சொல்கிறார்கள். ஆனால் பிரஷர்க்காரர்களாகிய நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நாள்தோறும் கொழுந்துச் சாக்கைச் சுமந்தால் தோள் தடிப்பது போல, ஏறிய அழுத்தத்துக்கு எதிராக ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தத்தைத் தள்ளவேண்டியிருக்கும்போது இருதயத்தின் இடது அறையும் தடிக்கிறது; தடித்துத் தடித்துக் கடைசியில் விறைத்தோ தளர்ந்தோ போகிறது. பிறவியிலேயே தசையில் பலவீனமுள்ளவருக்கு இந்தக் கூடுதல் சுமை எவ்வளவு பாதகம் என்று நான் விரிக்க வேண்டியதில்லை. பிறவிப் பலவீனத்தை மாற்ற இன்று நம் ஆஸ்பத்திரிகளில் மருந்தில்லை. சுமையை இறக்க ஒவ்வொரு கிளினிக்கிலும் மருந்துண்டு.

இவ்விடத்தில் மாமன் மகள், அத்தை மகன் உரிமையைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மவரின் உறவுமுறைக் கலியாணத்தை அநாகரிகம் என்று பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திக்குத் தெரியாத மலைக்கு வந்து விழுந்த ஜனங்களை ஒன்றாய்க் கட்டிக் காத்தது அந்த உறவுதான். எனினும், ஒரே மூதாதையின் குறை இரண்டு வழியாகவும் வந்து ஒரே குழந்தையிடம் சேர இவ்வழக்கம் இடம் தருகிறது என்பதும், இரட்டையாகப் பெற்ற குழந்தைக்கு நோய் கடுமையாக இருக்கும் என்பதும் சத்தியம். இரு பக்கத்திலும் இளவயதில் இருதயத்தால் இறந்தவர்கள் உள்ள குடும்பத்தார் சம்பந்தம் பேசும்போது, ஜாதகத்தோடு இதையும் சேர்த்துப் பார்ப்பதில் தவறில்லை.

இருதய இரத்தக் குழாய் அடைபடும் விஷயத்துக்கு வருவோம். கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுப் என்ற மருத்துவப் பேராசிரியரின் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆராய்ச்சியில் இலங்கையரும் இருந்தார்கள். தெற்காசியரை முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் தாக்குகிறது, மற்ற நாட்டாரையோ ஏறத்தாழ 59 வயதில் தாக்குகிறது என்ற துயரச் செய்தி அதிலிருந்து வந்தது. ஆறு வருஷம்! கடைசிப் பெண்ணின் கலியாணம் நடக்கும் காலம் அல்லவா அது? ஆனால் அதே ஆராய்ச்சி வேறொன்றும் சொல்லிற்று. புகைத்தல், பிரஷர், சீனி, கொழுப்பு, தொந்தி, மனக்கவலை முதலிய ஒன்பது காரணங்களே உலகெங்கும் முதல் மாரடைப்பில் பத்தில் ஒன்பது பங்குக்குப் பொறுப்பு. அவற்றோடு குடும்ப வரலாற்றையும் கூட்டிப் பார்த்தபோது, கணக்கு ஒரே ஒரு சதவீதம்தான் உயர்ந்தது. அதாவது, வம்சத்து அபாயத்தின் பெரும்பகுதி இந்த ஒன்பது வாசல்கள் வழியாகவே உள்ளே நுழைகிறது. வாசலை அடைப்பது நம் கையில் இருக்கிறது.

குளிசை விஷயத்திலும் மரபணுவுக்குப் பங்குண்டு. இதை நான் அவசியம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் லயங்களில் நடக்கும் ஒரு காரியம் என்னைப் பலமுறை திடுக்கிட வைத்திருக்கிறது. கிளினிக் நாளைத் தவறவிட்டவர் பக்கத்துக் காம்பராவில் போய், "அக்கா, ஒங்க பிரஷர் குளிசையில நாலு குடுங்க, அடுத்த மாசம் திருப்பித் தாரேன்" என்று அரிசி, சீனி கைமாற்று வாங்குவதைப் போல வாங்குகிறார். அமெரிக்காவில் 1994 முதல் 2002 வரை, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரஷர் நோயாளிகளுக்கு வெவ்வேறு வகைக் குளிசைகளைக் கொடுத்துப் பார்த்த பெரிய பரிசோதனை ஒன்று நடந்தது. அவர்களில் 38,000க்கு மேற்பட்டோரின் மரபணுவையும் பார்த்து, 2008இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நம் இருதயம் தானே ஒரு சுரப்பியாகவும் இயங்கி, உப்பை வெளியே தள்ளும்படி சிறுநீரகத்துக்குச் செய்தி அனுப்புகிறது; அச்செய்திக்குரிய மரபணுவில் ஓர் எழுத்து சிலருக்கு மாறியிருக்கிறது. அந்த எழுத்து மாறியவர்களுக்குச் சிறுநீரைப் பெருக்கும் குளிசையும், மாறாதவர்களுக்கு அம்லோடிபின் குளிசையும், மாரடைப்பு முதலிய ஆபத்துகளைத் தடுப்பதில் மேலாக இருந்தன. இன்று எந்த வைத்தியரும் இந்த எழுத்தைப் பார்த்துக் குளிசை எழுதுவதில்லை. எழுதும் அளவுக்கு அந்த அறிவு இன்னும் முற்றவுமில்லை. எனினும் ஒரே வியாதிக்கு இரண்டு உடம்புகள் இரண்டு விதமாக மருந்தை ஏற்கின்றன என்பது அதனால் பிரத்தியட்சமாயிற்று. எனலாப்ரில் சாப்பிட்ட சிலருக்கு ஓயாத வறட்டு இருமல் வருவதை நீங்களே கண்டிருக்கிறீர்கள். அப்போது செய்ய வேண்டியது, வைத்தியரிடம் சொல்லி வேறு குளிசை கேட்பது. பலரும் செய்வதோ, ஒருவரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவது.

நம் நாட்டிலேயே நடந்த ஒரு நல்ல காரியத்தையும் குறிப்பிட வேண்டும். களனிப் பல்கலைக்கழகத்தாரின் பங்களிப்போடு, இலங்கையின் நகர்ப்புறக் கிளினிக்குகளில் 700 நோயாளிகளுக்கு, மூன்று மருந்துகளைச் சிறு சிறு அளவில் ஒரே குளிசையாக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாத முடிவில், அக்குளிசை பெற்றவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஐம்பத்தைந்து பேருக்கும் பிரஷர் கட்டுக்குள் இருந்தது. 2018இல் இது உலகத்தின் பெரிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. அந்த எழுபது பேரில் எவருடைய வம்சத்தையும் யாரும் மாற்றவில்லை.

இனி, என் மனத்தில் மிகவும் கனத்துக் கிடக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

சில காலத்துக்கு முன் ஒரு கிளினிக்கில், எனக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாயார் இருந்தார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்களால் கொப்பியை நீட்டினார். இளம் வைத்தியர் நல்லவர், சிங்களவர், தமக்குத் தெரிந்த தமிழில், குடும்பத்தில் யாருக்காவது இருதய வருத்தம் உண்டா என்று கேட்டார். "அப்பா நெஞ்சு கரிக்குதுன்னு சொல்லிப் படுத்தாருங்க, விடியல்ல எந்திரிக்கல. பெரியப்பா, சின்னத்தை எல்லாரும் அப்பவே ஊருக்குப் போயிட்டாங்க. இருக்காங்களோ இல்லையோ, தெரியாதுங்க" என்றார் அவர். அப்பாவுக்கு அப்போது என்ன வயது என்று கேட்டதற்கு, "நான் அப்ப சின்னப்புள்ளைங்க" என்றார். வைத்தியர் ஒரு கணம் பேனாவை நிறுத்திப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

அந்தக் கோட்டை வைத்தியர் இழுத்தார் என்று நான் நினைக்கவில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபரில், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதென்றும் 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வதென்றும், எஞ்சியவர்களைப் பற்றிப் பிறகு பேசுவதென்றும், நம்மிடம் ஒரு வார்த்தை கேளாமல் தீர்மானித்தார்கள். அண்ணன் ஊருக்கு, அதாவது இந்தியாவுக்கு, தம்பி தோட்டத்துக்கு என்று ஒரே வீடு இரண்டாகப் பிரிந்தது. ஹட்டன் ரயில் நிலையத்தில் அழுதபடி விடைபெற்றவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும், தாயகம் திரும்பியோருக்கென்று 1968இல் நீலகிரியில் தொடங்கிய அரசாங்கத் தேயிலைத் தோட்டத்திலும் மறுபடியும் கொழுந்துக் கூடையையே முதுகில் மாட்டிக்கொண்டார்கள். அந்த அரசியலைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. ஆனால், யார் எந்த வயதில் எந்த நோயால் இறந்தார் என்ற குடும்ப ஞாபகத்தையும் அது வெட்டி எறிந்தது என்பதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மரபணுப் பரிசோதனை என்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம். அது கிடைத்தாலும், ஐரோப்பியரை வைத்துச் செய்த கணக்கு நம் உடம்புக்கு அப்படியே பொருந்திவிடாது. ஏழைக்கு உள்ள மரபணுப் பரிசோதனை குடும்ப வரலாறு ஒன்றே. காசில்லாமல் கிடைக்கவேண்டிய அதையும் நாம் இழந்து நிற்கிறோம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. இப்போது வீட்டுக்கு வீடு கைத்தொலைபேசி இருக்கிறது. நீலகிரியில் இருக்கும் பெரியப்பாவின் பேரப்பிள்ளைகளோடு உங்கள் பேரப்பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் கலியாணப் படங்களை அனுப்பிக்கொள்கிறார்கள். அந்த வழியாகவே கேளுங்கள். ஆண்களில் 55 வயதுக்கு முன், பெண்களில் 65 வயதுக்கு முன், மாரடைப்பு வந்தவர் அல்லது திடீரென்று சாய்ந்து இறந்தவர் யார்? கைகால் இழுத்துக்கொண்டவர் யார்? மூச்சு வாங்கி, கால் வீங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே கிடந்தவர் யார்? பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரைப் பற்றிய விவரமே முக்கியம். அதற்கப்பால் கிடைப்பதெல்லாம் லாபம். "பேய் அடித்தது", "செய்வினை வைத்தார்கள்" என்று சொல்லப்பட்ட இளவயது மரணங்களையும் விட்டுவிடாதீர்கள். அவற்றில் பல இருதயத்தின் கணக்கில் சேரவேண்டியவை என்பது என் அபிப்பிராயம். இவ்வாறு ஓர் ஆளாவது அகப்பட்டால், உங்கள் பிள்ளைகளுக்கு முப்பது வயது ஆகும்போதே பிரஷரையும் சீனியையும் கொழுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். முப்பத்தைந்து கடந்தவர்களுக்கு இவற்றை இலவசமாய்ப் பார்க்கும் நிலையங்களை அரசாங்கம் 2011 முதல் ஆஸ்பத்திரிகளில் நடத்தி வருகிறது. குடும்ப விவரத்தைச் சொன்னால் இளையவர்களையும் வைத்தியர் பார்ப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நோய்க்கு வம்சமே காரணம் என்ற பேச்சு, நம்மைவிட அதிகமாக, நம்மை வேலை வாங்குகிறவர்களுக்கு இனிக்கும். இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற பேராசிரியர், பிறந்தபோதும் முதலாம் வயதிலும் எடை குறைந்திருந்த குழந்தைகளே பிற்காலத்தில் இருதய நோயால் அதிகம் இறக்கிறார்கள் என்பதை 1989இல் பழைய பதிவேடுகளைக் கொண்டு காட்டினார். இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்க, தோட்டங்களில் நூற்றுக்கு முப்பத்திரண்டு பேர் அப்படி இருக்கிறார்கள் என்று 2016ஆம் ஆண்டின் அரசாங்க ஆய்வு கூறுகிறது. வயிற்றில் பிள்ளையோடு மலையேறிய தாயின் அரைவயிறும் அந்தப் பிள்ளைக்குப் பிதுரார்ஜிதம்தான். ஆனால் அது மரபணுவில் எழுதப்பட்டதல்ல. காற்றோட்டமற்ற காம்பராவின் அடுப்புப் புகையும், மத்தியானப் பசியை மறக்க வெற்றிலையோடு அடக்கிக்கொள்ளும் புகையிலையும், ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள உப்பும் கொச்சிக்காயும் தவிர வேறில்லாத சமையலும், சம்பள நாளின் கசிப்பும் எந்த மூதாதையின் குறையும் அல்ல. கிளினிக்குக்குப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது கூலி இல்லை. பேர் போடவேண்டும் என்றால் கிளினிக் இல்லை. அரைப்பேராவது போட்டுவிட்டு ஓடலாம் என்றால் பஸ் போய்விடும். இதற்கும் மரபணுவுக்கும் என்ன சம்பந்தம்? பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் கிராமங்களில், சமூக சுகாதார ஊழியர்கள் வீடு தேடிப் போய்ப் பிரஷர் பார்த்து, புத்தி சொல்லி, தேவையானவரை வைத்தியரிடம் அனுப்பும் முறையை 2,645 பேரிடம் இரண்டு வருஷம் நடத்திப் பார்த்தபோது, வழக்கமான முறையைக் காட்டிலும் ஐந்து புள்ளி கூடுதலாகப் பிரஷர் இறங்கிற்று என்று 2020இல் வெளியிட்டார்கள். கிராமத்தில் முடிந்தது தோட்டத்தில் ஏன் முடியாது என்று தொழிற்சங்கத் தலைவர்களைக் கேளுங்கள். தேர்தல் காலத்தில் கேட்டால் இன்னும் நல்லது.

வம்ச அபாயம் உள்ளவர்கள் முயற்சி செய்து பயனில்லை என்று எண்ணுகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு செய்தி. அமெரிக்காவில் சேகர் கதிரேசன் என்று ஓர் இருதய வைத்தியர்; மாரடைப்பின் மரபணுக்களைத் தேடுவதையே தொழிலாகக் கொண்டவர்; அவருடைய உடன்பிறந்த சகோதரரே 42 வயதில் மாரடைப்பால் இறந்தார். அவரும் சகாக்களும் 55,685 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2016இல் எழுதிய கட்டுரையின்படி, பிறவியிலேயே மிகுந்த அபாயத்தைப் பெற்றவர்களில், புகைக்காமலும் உடம்பு பெருக்காமலும் அளவறிந்து உண்டும் நடந்தும் வாழ்ந்தவர்களுக்கு, அவ்வாறு வாழாதவர்களைவிட மாரடைப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மலையேறும் நமக்கு நடையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். உப்பும் புகையிலையும் குளிசையுமே நம்முடைய பாடம். உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது ஐந்து கிராமுக்குள், கருவாட்டில் உள்ளதையும் சேர்த்து. நெஞ்சு இறுகி, வியர்த்து, இடது கையோ தாடையோ கடுத்தால், "வாய்வு" என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு காலை வரை காத்திராமல், 1990ஐ அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியை வரவழையுங்கள்; தோட்டத்து லொறிக்காகத் துரை பங்களாவில் போய் நிற்கும் காலம் போய்விட்டது.

குடும்பக் கணக்கை எழுதும்போது, வீட்டில் சிங்களம் படிக்கிற பிள்ளை ஒன்றைக் கொண்டு சிங்களத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியருக்கு ஒரு பார்வையில் விளங்கும். நீலகிரியிலிருந்து பதில் வந்தால், அவர்களும் உங்கள் வீட்டு விவரத்தைக் கேட்பார்கள். அப்பா எந்த வயதில் போனார், எப்படிப் போனார் என்பதைக் கௌரவத்துக்காகவோ சம்பந்தம் கெட்டுவிடும் என்ற பயத்தினாலோ மறைத்துவிடாதீர்கள். கோத்தகிரியில் இருக்கும் அவருடைய தம்பி மகனுக்கு இப்போது ஐம்பது வயது நடக்கலாம், அவனுக்கும் அது தெரியவேண்டும்.

இங்ஙனம்,
உங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற தோட்டத்துப் பாடசாலை ஆசிரியன்,
ஹட்டன்.